சவலையும் தலையெழுத்தும்

"அவன் மண்டையில் ஏறாது" என்பர் சிலர். "அந்தப் பரம்பரைக்கே படிப்பு வராது" என்பர் வேறு சிலர். "பிரமன் எழுதியதை யார் அழிப்பது?" என்று பெருமூச்சுவிட்டு முடிப்பர் இன்னும் சிலர். முதலாவது பள்ளிக்கூடத்துப் பேச்சு. இரண்டாவது சாதியின் பேச்சு. மூன்றாவது மதத்தின் பேச்சு. மூன்று வாய், ஆனால் சரக்கு ஒன்றே! அறிவு என்பது பிறக்கும்போதே அளந்து கொடுக்கப்பட்ட படி என்பதும், ஒருவனுக்கு மரக்கால், மற்றவனுக்கு ஆழாக்கு, அதை மாற்ற முயல்வது வீண் என்பதுமே அந்தச் சரக்கு.

பிரமனை அறியாத நாடுகளிலும் இந்தச் சரக்கு விலைபோயிற்று. 1869ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் என்பார், மேதைமை குருதிவழி வருவது என்று ஒரு நூலே எழுதினார். நீதிபதிகளின் வீட்டில் நீதிபதிகள் பிறக்கின்றனர், அமைச்சர்களின் உறவில் அமைச்சர்கள் தோன்றுகின்றனர், எனவே அறிவு பரம்பரைச் சொத்து என்பது அவர் வாதம். பரம்பரையாக வந்தது அறிவு மட்டுமா? பாலும் பழமும், பண்ணையும் பணமும், பள்ளியும் பதவியும் சேர்ந்தல்லவா வந்தன! அதைக் கால்ட்டன் கணக்கில் சேர்க்கவில்லை.

சரியாக நூறு ஆண்டுகள் கழிந்தன. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் ஜென்சன் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளுக்கும் கருப்பினப் பிள்ளைகளுக்கும் தனியாகக் கல்வி உதவி அளிக்கும் திட்டங்கள் தோற்றன என்றும், அறிவு வேறுபாட்டில் பெரும் பங்கு பிறப்புவழிப்பட்டது என்றும் வாதாடினார். அமெரிக்காவின் கல்விக்கூடங்களில் அது பெரும் புயலைக் கிளப்பிற்று.

அதே 1969ஆம் ஆண்டு, அதே அமெரிக்கக் கண்டத்தில், யாரும் பெயர் கேட்டிராத நான்கு சிற்றூர்களில் கஞ்சி காய்ச்சும் அடுப்பு ஒன்று மூட்டப்பட்டது. அந்த அடுப்பு என்ன விடை சொல்லிற்று என்பதே நாம் இங்கு எடுத்துரைக்கப் போகும் வரலாறு. அதற்குமுன் ஆப்பிரிக்காவுக்கு ஒருமுறை சென்று வருவோம்.

கேட்கத் தெரிந்த மருத்துவர்

சிசிலி வில்லியம்ஸ் ஜமைக்காத் தீவில் 1893இல் பிறந்த பெண்மணி. ஆக்ஸ்போர்டில் மருத்துவம் பயில இடம்பெற்ற முதற் பெண்களுள் ஒருவர். 1929இல் அவரை ஆங்கில அரசு கோல்ட் கோஸ்ட் என்ற தன் குடியேற்ற நாட்டுக்கு அனுப்பிற்று. இன்று கானா என்று விடுதலை பெற்று விளங்குவது அந்த நாடுதான்.

அங்கே அவர் கண்ட காட்சி துயரமானது. ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள். கை கால் வீங்கியிருக்கும், வயிறு உப்பியிருக்கும், கருமயிர் வெளிறிச் செம்பட்டை ஆகியிருக்கும், தோல் பொரிந்து உரியும், சிரிப்பு இராது, விளையாட்டு இராது. சில வாரங்களில் பிணம். நூல்களில் இதற்குப் பெயர் இல்லை. வில்லியம்ஸ் அந்நாட்டுத் தாய்மாரையே கேட்டார். கா மொழியில் அவர்கள் ஒரு சொல் சொன்னார்கள்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

பெயரிலேயே நோயின் காரணம் பொதிந்திருந்தது. தாய்ப்பால் நின்றுவிட்டது, அதன் இடத்தில் வந்தது மக்காச்சோளக் கூழ் மட்டுமே. வயிறு நிறைந்தது, உடம்பைக் கட்டும் புரதம் கிடைக்கவில்லை. 1933இலும் 1935இலும் இதை அவர் இலண்டன் மருத்துவ இதழ்களில் எழுதினார். பெரிய மருத்துவர்கள் ஏற்றார்களா? ஸ்டான்னஸ் என்ற புகழ்பெற்ற நிபுணர், இது பெல்லாக்ரா என்னும் பழைய நோயே என்று அடித்துப் பேசினார். ஏட்டறிவு ஒருபுறம், தாய்மார் வாய்ச்சொல்லைச் செவிமடுத்த பெண் மருத்துவர் மறுபுறம். காலம் வில்லியம்சின் பக்கமே தீர்ப்பளித்தது. கா மொழிச் சொல் உலக மருத்துவ அகராதியில் ஏறிற்று.

தமிழர்களாகிய நாம் இந்தச் சொல்லைக் கேட்டதும் வியக்க வேண்டியதில்லை. நம்மிடமும் அதே பொருளில் ஒரு சொல் உண்டு: சவலை. தாய் மறுபடி கருவுற, பால் மறந்து மெலியும் பிள்ளை சவலைப்பிள்ளை. யாப்பு கற்றோர் சவலை வெண்பாவையும் அறிவர்; நான்கு சீர் பெறவேண்டிய இரண்டாம் அடி மூன்று சீரோடு நலிந்து நிற்பதால் அதற்கு அந்தப் பெயர். பாலின்றி மெலிந்த பிள்ளையின் பெயரைச் சீரின்றி மெலிந்த பாட்டுக்கு வைக்கும் அளவுக்கு, நோயின் காரணம் நம் முன்னோர்க்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

தெரிந்திருந்தும் செய்தது என்ன? பட்சிதோஷம் என்றோம், தாயத்துக் கட்டினோம், மந்திரித்தோம். பிறந்த பிள்ளைக்கு முதலில் சுரக்கும் சீம்பாலைக் கெட்டபால் என்று பீச்சி எறிந்தோம். அந்த முதற்பாலிலேதான் நோய் தடுக்கும் ஆற்றல் செறிந்திருக்கிறது! அதை எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரை நாவில் தடவிச் சேனை வைத்தோம். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வருமாம்! குணம் வந்ததோ இல்லையோ, வைத்த விரலின் கிருமி வந்திருக்கும். மொழி அறிந்த உண்மையை மூடநம்பிக்கை மூடி மறைத்தது.

மூடநம்பிக்கை பழைமையின் தனியுடைமையும் அன்று. வாணிகமும் அதை வளர்க்கும். வில்லியம்ஸ் பின்னர் மலேயாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே டப்பாப் பால் விற்கும் வணிகர்கள், தாய்ப்பாலினும் மேலானது என்று விளம்பரம் செய்து ஏழைத் தாய்மாரை மயக்கக் கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிலேயே பேசினார்! அந்தக் குரலுக்கு உலகம் முழுமையாகச் செவிசாய்க்க நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆயின. 1981இல்தான் உலக நலவாழ்வு அமைப்பு டப்பாப் பால் விற்பனைக்குக் கட்டுப்பாட்டு நெறி வகுத்தது. இந்தியா 1992இல் சட்டம் செய்தது.

நான்கு ஊர்கள், இரண்டு குவளைகள்

இனி, அடுப்பு மூட்டிய ஊர்களுக்கு வருவோம்.

நடு அமெரிக்காவில் குவாத்தமாலா என்றொரு நாடு. அமெரிக்கப் பழ வணிக நிறுவனமொன்று வாழைத் தோட்டங்களுக்காகப் பெருநிலங்களை வளைத்துவைத்திருந்த நாடு. 1952இல் அதிபர் அர்பென்ஸ் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து தரிசு நிலத்தை உழவர்க்குப் பகிர்ந்தார். 1954இல் அமெரிக்க உளவுத்துறையின் துணையோடு அவர் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. சட்டம் போயிற்று, நிலம் போயிற்று, உழவன் வீட்டில் சோள அடையும் அவரையும் மட்டும் எஞ்சின. அந்த நாட்டுப் பிள்ளைகள் குட்டையாக வளர்ந்ததற்குப் பிரமன் எழுத்தைத் தேடவேண்டியதில்லை.

அந்நாட்டின் தலைநகரில், நடு அமெரிக்க நாடுகளுக்கும் பனாமாவுக்கும் பொதுவாக, 1949இல் இன்காப் என்ற ஊட்டச்சத்து ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. ஏழைப் பிள்ளையின் உடலும் அறிவும் குன்றுவதற்கு உணவுக் குறைவு காரணமா என்ற கேள்வியை அது எடுத்துக்கொண்டது. கேள்வி எளிது, விடை காண்பது கடினம். ஏழை வீட்டில் உணவு மட்டுமா குறைவு? பள்ளி இல்லை, மருந்து இல்லை, தாய்க்கு ஓய்வும் இல்லை. இவற்றுள் உணவின் பங்கைப் பிரித்தெடுப்பது எப்படி?

கிழக்குக் குவாத்தமாலாவில் நான்கு ஊர்களைத் தேர்ந்தனர். இரண்டு பெரியவை, இரண்டு சிறியவை. ஒவ்வொரு இணையிலும் ஓர் ஊருக்கு அத்தோலே என்னும் கஞ்சி; மற்ற ஊருக்குப் பிரெஸ்கோ என்னும் இனிப்பு நீர். எந்த ஊருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. கொனகாஸ்தே, சான் ஹுவான் ஆகிய ஊர்களுக்குக் கஞ்சி. சாந்தோ தொமிங்கோ, எஸ்பிரித்து சாந்தோ ஆகியவற்றுக்கு இனிப்பு நீர். கஞ்சியில் இன்காப் நிலையம் ஆக்கிய தாவரப் புரத மாவும் பால்தூளும் சர்க்கரையும் கலந்திருந்தன. 180 மில்லிலிட்டர் கொண்ட ஒரு குவளைக் கஞ்சியில் 163 கலோரியும் 11.5 கிராம் புரதமும். அதே அளவு இனிப்பு நீரில் 59 கலோரி, புரதம் அறவே இல்லை. 1971 முதல் உயிர்ச்சத்துகளும் தாதுக்களும் இரண்டிலும் சமமாகக் கலக்கப்பட்டன. நான்கு ஊர்களிலும் இலவச மருத்துவ உதவி.

ஊர் நடுவே ஒரு கூடம். முற்பகலில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை. யார் வேண்டுமானாலும் வந்து வேண்டுமட்டும் குடிக்கலாம். சூலுற்ற பெண்களும் பால் கொடுக்கும் தாய்மாரும் 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் குடித்த அளவு மட்டும் குறித்துவைக்கப்பட்டது. 1969 முதல் 1977 வரை, எட்டு ஆண்டுகள், இந்தப் பணி நடந்தது. 1976 பிப்ரவரியில் அந்நாட்டை உலுக்கி 20,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த நிலநடுக்கமும் இந்த எட்டாண்டுக்குள் வந்துபோயிற்று. ஆய்வில் இடம்பெற்ற பிள்ளைகள் 2,392 பேர்.

இங்கே ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். சத்துக்கஞ்சி நல்லதென்று கருதினால், இரண்டு ஊர்களுக்கு மட்டும் இனிப்பு நீர் தரலாமா? ஏழைகளின் ஊர் சோதனைக்கூடமா? எந்த ஊருக்கும் இல்லாத மருத்துவம் நான்கு ஊர்களுக்கும் கிடைத்தது என்பர் ஆய்வாளர். அந்த விடையில் உண்மை உண்டு; ஆயினும் முழு அமைதி இல்லை. சாந்தோ தொமிங்கோவின் பிள்ளைகள் தம் வளர்ச்சியை விலையாகக் கொடுத்து உலகத்துக்கு ஒரு பாடம் வாங்கித் தந்தனர். அந்தப் பாடத்தைக் கற்காமலிருந்தால் நாம் இரட்டைக் குற்றவாளிகள் ஆவோம்.

குவளை சொன்ன விடை

பாடம் என்ன? நாளொன்றுக்கு 100 கலோரி கூடுதலாகக் கிடைத்தால், முதலாண்டில் பிள்ளையின் வளர்ச்சி 9 மில்லிமீட்டர் கூடிற்று. இரண்டாம் ஆண்டில் 5 மில்லிமீட்டர். மூன்றாம் ஆண்டில் 4 மில்லிமீட்டர். அதன்பின்? 3 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையே குடித்த கஞ்சி உயரத்தில் எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. அதே கஞ்சி, அதே குவளை, அதே ஊர். காலம் கடந்துவிட்டால் பயன் இல்லை. விதைக்கிற மாதத்தில் பெய்யாத மழை அறுக்கிற மாதத்தில் பெய்தால் என்ன விளையும்?

உடல் வளர்ந்தது சரி, அறிவு? 1988–89இல் ஆய்வாளர் மீண்டும் அந்த ஊர்களுக்குச் சென்றனர். அன்றைய குழந்தைகள் இளைஞர்கள் ஆகியிருந்தனர். படிப்பு, சொல்வளம், கணக்கு, பொது அறிவு ஆகியவற்றில் தேர்வு வைத்தனர். கஞ்சி ஊரார் மேம்பட்டு நின்றனர். அதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. இனிப்பு நீர் ஊர்களில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் முன்னே, ஏழை வீட்டுப் பிள்ளைகள் பின்னே என்ற வழக்கமான வரிசை இருந்தது. கஞ்சி ஊர்களில் அந்த வரிசையே காணப்படவில்லை! ஏழைப் பிள்ளை வசதியுள்ள பிள்ளைக்கு நிகராக விடையெழுதினான். கால்ட்டன் குருதியில் தேடிய வேறுபாடு குவளையில் கரைந்துபோயிற்று.

2002–04இல் மூன்றாம் முறை சென்றனர். அப்போது அவர்கள் 25 முதல் 42 வயதினர். குழந்தைப் பருவத்தில் கஞ்சி குடித்த பெண்கள் மற்றவரைவிட ஒரு வகுப்புக்கும் சற்று மேலாக, 1.2 வகுப்பு, கூடுதலாகப் படித்திருந்தனர். ஆண், பெண் இருபாலாரும் படித்துப் பொருளுணரும் திறனில் மேம்பட்டிருந்தனர். 3 வயதுக்குள் கஞ்சி பெற்ற ஆண்களின் ஒருமணி நேரக் கூலி, மற்ற ஊர் ஆண்களின் கூலியைவிட 46 விழுக்காடு கூடுதல். முப்பது ஆண்டுகளுக்குமுன் குடித்த கஞ்சி கூலிப் பட்டியலில் தெரிந்தது! கஞ்சி குடித்து வளர்ந்த பெண்கள் பெற்ற பிள்ளைகளும் பிறப்பு எடையிலும் உயரத்திலும் மேம்பட்டிருந்தனர் என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

பெண்களின் கூலி? அது உயரவில்லை. அறிவு உயர்ந்தது, படிப்பு உயர்ந்தது, கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஏனெனில் அந்த ஊர்களில் பெண்ணுக்குத் திறந்திருந்த வேலைகள் ஆணுக்குத் திறந்தவை அல்ல. கஞ்சி மூளையின் கதவைத் திறக்கும். சமுதாயம் பூட்டிய கதவைத் திறக்காது. அதற்கு வேறு திறவுகோல் வேண்டும். பெண்ணுரிமை பேசும் நாம் அதை மறக்கலாகாது.

இதெல்லாம் எப்படி நிகழ்கிறது? மந்திரம் ஏதுமில்லை. பிறக்கும்போது குழந்தையின் மூளை வளர்ந்தவர் மூளையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2 வயது முடிவதற்குள் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. அந்தப் பருவத்தில் உடல் ஓய்வாகக் கிடக்கும்போது செலவாகும் ஆற்றலில் பாதிக்குமேல் மூளைக்கே போகிறது. நரம்புகளின் மேலுறை உருவாகவும் இணைப்புகள் பெருகவும் இரும்பும் அயோடினும் கொழுப்பும் புரதமும் வேண்டும். மற்றொரு வழியும் உண்டு. பசித்த பிள்ளை சோர்ந்து கிடக்கும், தவழாது, கைக்கெட்டியதைப் பிடித்துப் பாராது, அழுகைகூட மெலிந்துவிடும். அமைதியாகக் கிடக்கும் பிள்ளையிடம் பேச்சுக் கொடுப்பாரும் குறைவர். உலகம் அந்தப் பிள்ளையோடு பேசுவதை நிறுத்திவிடுகிறது.

எதிர்வழக்கு

பகுத்தறிவாளன் தனக்கு உகந்த சான்றை மட்டும் எடுத்துக்கொண்டு உகவாததை ஒதுக்குவானாயின், அவனுக்கும் புரோகிதனுக்கும் வேறுபாடு இல்லை. எனவே எதிர்வழக்கையும் கேட்போம்.

1944–45 குளிர்காலத்தில், நாசிப் படையின் தடையால், ஆலந்து நாட்டின் மேற்குப் பகுதி நகரங்களில் கொடிய பஞ்சம். பங்கீட்டு உணவு நாளுக்கு 1000 கலோரிக்கும் கீழே சென்றது. அப்போது தாய் வயிற்றில் இருந்த ஆண் பிள்ளைகள் 19 வயதில் படைத் தேர்வுக்கு வந்தனர். சுமார் 125,000 இளைஞர்களின் தேர்வு ஏடுகளைப் பார்த்து, பஞ்சத்தால் அறிவுத்திறன் குறைந்ததாகக் காணவில்லை என்று 1972இல் ஆய்வாளர் அறிவித்தனர். அப்படியானால் நம் வாதம் வீழ்ந்ததா?

இல்லை, கூர்மை பெற்றது. ஆலந்தின் பஞ்சம் சில மாதம். முன்னும் உணவு இருந்தது. போர் முடிந்ததும் மீண்டும் வந்தது. பிறந்த பிள்ளைக்குப் பாலும் ரொட்டியும் பள்ளியும் காத்திருந்தன. குவாத்தமாலா உழவனின் பிள்ளைக்கோ பஞ்சம் ஒரு பருவம் அன்று, அதுவே வாழ்க்கை. இடையில் வந்துபோகும் பசியை மூளை தாங்கிக்கொள்ளும். குடியேறிவிட்ட பசியைத் தாங்காது.

உணவு மட்டும் போதுமா என்ற கேள்விக்கு விடை தந்தது ஜமைக்கா. 1980களில் அதன் தலைநகர் கிங்ஸ்டனில், 9 முதல் 24 மாத வயதுள்ள, வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை மருத்துவர் சாலி கிரந்தம்-மக்கிரெகரும் குழுவினரும் நான்காகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமணி நேரம் நலப்பணிப் பெண் வீட்டுக்கு வந்து, வீட்டில் கிடக்கும் பொருளால் செய்த பொம்மைகளைக் கொண்டு, பிள்ளையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குக் கற்றுத் தருவார். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. இரண்டாண்டு முடிவில் பாலும் பயனளித்தது, பேச்சும் பயனளித்தது, இரண்டும் சேர்ந்தபோது பயன் மிகுந்தது. ஆனால் இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது நிலைத்து நின்றது பேச்சும் விளையாட்டும் தந்த பயனே. அப்பிரிவினரின் வருவாய் மற்றவரைவிட 25 விழுக்காடு கூடுதல் என்று 2014இல் அறிவித்தனர்.

செல்வர் வீட்டுப் பிள்ளை பாலோடு தாலாட்டையும் கதையையும் பெறுகிறது. கூலிக்காரியின் பிள்ளைக்கு இரண்டும் மறுக்கப்படுகின்றன. பிறகு, இருவரையும் ஒரே தேர்வு மண்டபத்தில் உட்காரவைத்துத் 'தகுதி' பார்க்கிறோம்!

நம் நாடு

சோற்றுக்கும் கல்விக்கும் உள்ள உறவை உணர்ந்த மண் இது. 1920இல், நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராயிருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கிற்று. 1956இல் காமராசர் ஆட்சி அதை மாநிலமெங்கும் பரப்பிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சத்துணவாக விரித்தது. 2022இல் காலையுணவும் சேர்ந்தது. பசித்த வயிறு பாடத்தைக் கேளாது என்ற உண்மையை அரசு ஆணையாக்கிய பெருமை தமிழகத்துக்கு உண்டு.

ஆயினும் குவாத்தமாலாவின் குவளையை மறுபடி நினைவுகூர்வோம். வளர்ச்சியின் வாயில் 3 வயதில் பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. பள்ளிச் சோறு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவரும், கவனத்தைக் கூட்டும், ஆனால் இழந்த முதல் மூன்று ஆண்டுகளைத் திருப்பித் தாராது. அந்தப் பருவத்தைக் காக்கவே 1975இல் அங்கன்வாடித் திட்டம் பிறந்தது. 1980இல் தமிழகத்தில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதப் பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை தளர்ந்த பிள்ளைக்கு மட்டும் தனி உணவு அளித்தது. பிரமன் எழுத்தை நம்பாமல் தராசின் முள்ளை நம்பிய திட்டம் அது.

வேலை முடிந்ததா? 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் இந்தியாவில் 35.5 விழுக்காடு; தமிழ்நாட்டில் 25 விழுக்காடு. இந்தியாவைவிட மேல் என்று மார் தட்டலாம். ஆனால் நான்கு பிள்ளைகளில் ஒன்று குன்றி நிற்கும் நாட்டில் மார் தட்டும் ஓசை நன்றாக இராது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இவை ஊர்க்கணக்கு, தனி ஆள்கணக்கு அல்ல. குட்டையானவன் அறிவில் குறைந்தவன் என்று எவனாவது இதிலிருந்து முடிவு கட்டினால், அவன் பழைய சாதிச் சரக்கையே புதிய தாளில் மடித்து விற்கிறான். ஆசிரியத் தொழில் செய்யும் நாம் இதை முதலில் உணரவேண்டும். கடைசி விசுப்பலகையில் சோர்ந்திருக்கும் பிள்ளையிடம் "மண்டையில் ஏறாது" என்று சொல்லும்முன், அந்த மண்டைக்கு முதல் மூன்று ஆண்டுகளில் என்ன கொடுத்தோம் என்று கேட்கவேண்டும். 3 வயதுக்குப்பின் கற்கும் வாயிலும் மூடிவிடுகிறது என்பதில்லை. வளர்ந்த பிள்ளைக்கும் ஊக்கமும் கல்வியும் பயனளிக்கும். எளிதாய் முடிவது பிறகு அரிதாய் முடியும், அவ்வளவே.

இளைஞர்களே! தலையெழுத்து இல்லை என்று மேடையில் முழங்குவது எளிது. அதை மெய்ப்பிக்கும் இடம் நம் தெருவிலே இருக்கிறது. நம் வீட்டில் பிறக்கும் பிள்ளைக்குச் சேனை வைக்க வரும் விரலைத் தடுத்து, சீம்பாலைப் புகட்டச் செய்வோம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலோடு பருப்பும் கேழ்வரகும் கீரையும் முட்டையும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுவோம். சூலுற்ற பெண் கடைசியாக உண்ணும் வழக்கத்தை நம் வீட்டு அடுக்களையிலேயே ஒழிப்போம். பிள்ளையோடு பேசுவது பெண்ணின் வேலை என்று ஒதுங்காமல், தந்தையரும் மடியில் இருத்திப் பேசுவோம். அங்கன்வாடியில் தராசு இருக்கிறதா, முட்டை வருகிறதா, எடை எழுதும் அட்டை நிரப்பப்படுகிறதா என்று மாதம் ஒருமுறை சென்று கேட்போம். இல்லையென்றால் ஊராட்சியில் எழுப்புவோம்.

குவாத்தமாலாவின் ஏழை உழவனுடைய பிள்ளை ஒரு குவளைக் கஞ்சியால் செல்வன் பிள்ளைக்கு நிகராக நின்றான். அவன் நெற்றியில் எவனும் எதையும் எழுதியிருக்கவில்லை. நம் ஊர்ப் பிள்ளையின் நெற்றியிலும் எழுத்து ஏதும் இல்லை. அவன் கையில் குவளை இருக்கிறதா என்று பார்ப்போம்.